பகா எண்

'பிரைம் நம்பர்' என்பதில் வரும் பிரைம், 'முதல்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் முன்னோடி யூக்ளிட் ஆண்ட கிரேக்கச் சொல்லான 'புரோட்டோஸ்'. அதற்கும் அதே பொருள்தான். இலங்கைப் பாடநூல்களின் 'முதன்மை எண்' இந்த வழியில் வந்தது. தமிழ்நாட்டில் 'பகா எண்'.

என் ஓட்டு பின்னதற்கே. பகுதி, பகிர்வு எல்லாம் கிளைத்த 'பகு'தான் இங்கும் வேர். 'பகாத' என்பது ஈறு கெட்டுப் 'பகா' ஆயிற்று. அதனால்தான் 'பகாக் காரணி' என்று ஒற்று மிகும். பலர் அதை விழுங்கிவிடுகிறார்கள். சொல்லாட்சியும் பழையது. நன்னூல் பகாப்பதத்துக்குச் சொல்லும் முதல் அடையாளமே 'பகுப்பால் பயனற்று' என்பது. 'மரம்' என்ற சொல்லை ம, ர, ம் என்று உடைக்கலாம், உடைத்து ஆவதொன்றுமில்லை. 7ஐயும் 1 × 7 என்று எழுதலாம்; எழுதினாலும் கையில் இருப்பது அதே 7. சிலர் 'வகுபடா எண்' என்கிறார்கள். அது பிசகு, ஒன்றாலும் தன்னாலும் அது வகுபடத்தானே செய்கிறது?

சிறிய எண் என்றால் பகுமா பகாதா என்று மனக்கணக்கில் பார்த்துவிடலாம். 2,14,74,83,647க்கு என்ன செய்வது? 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது இது. இப்படி வரும் பகா எண்களை மெர்சென் பகா எண்கள் என்பார்கள்; மெர்சென் 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி. இரண்டுகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது: 11 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2,047; அது 23 × 89 என்று பகுந்துவிடுகிறது.

31க்கு விடை சொன்னவர் கணித அறிஞர் ஆய்லர், 1772இல். நேர்வழியில் போனால் அந்த எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது 46,340 வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை ஏறத்தாழ 4,800. ஆய்லர் குறுக்குவழி கண்டார். இந்த எண்ணுக்குக் காரணி என்று ஒன்று இருந்தால், அதை 248ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி வந்தாக வேண்டும். அந்த எல்லைக்குள் 1ஐ விட்டுவிட்டால் அப்படிப்பட்டவை 373 மட்டுமே, அவற்றிலும் பகு எண்களைத் தள்ளிவிடலாம். மிஞ்சிய எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை.

நிரல் எழுதுவோருக்கு இது பழகிய எண்: கூட்டல், கழித்தல் குறியோடு 32 பிட்டில் கணினி சேமிக்கும் முழு எண்ணின் உச்சவரம்பு. யூடியூபில் ஒரு கொரியப் பாட்டின் பார்வைக் கணக்கு 2014இல் இதைத் தாண்டப்போக, எண்ணியையே பெரிதாக்க வேண்டி வந்தது.

6 = 1 + 2 + 3 என்பதுபோல, தன்னைவிடச் சிறிய காரணிகளின் கூட்டுத்தொகை தானேயாக அமையும் எண்களும் உண்டு. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் அப்படி ஒன்றைத் தரும். ஆய்லரின் எண் தந்ததே கடைசி, இவற்றால் பயன் ஏதும் இல்லாததால் இனி எவரும் மெனக்கெட்டுத் தேடமாட்டார் என்று 1811இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் பீட்டர் பார்லோ எழுதினார். 2024இல் கண்டுபிடித்த மெர்சென் பகா எண்ணுக்கு 13,62,79,841 இரண்டுகளைப் பெருக்க வேண்டும். அதன் இலக்கங்கள் மட்டும் 4,10,24,320.