இடது ஓரம் யாருக்கு? தசைக்குள் இருக்கும் மேல்தொட்டியின் கதை

"2021-இல் செல்சி அணியின் இடது விங் பேக் இடத்துக்கு மார்கோஸ் அலோன்சோவும் பென் சில்வெல்லும் போட்டி போட்டார்களே, கணக்குப் பார்த்தால் யார் மேல்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். செல்சி லண்டன் கால்பந்து அணி; விங் பேக் என்றால் ஓரத்தில் மேலும் கீழும் ஓடித் தாக்கவும் தடுக்கவும் வேண்டிய ஆட்டக்காரர். கால்பந்து ரசிகர்கள் விடிய விடிய அடித்துக்கொள்ளும் கேள்வி இது. உண்மையில் இது உயிர்வேதியியல் கேள்வி என்பதுதான் என் கட்சி.

அந்தப் போட்டி எப்படிப் போனது என்று முதலில் பார்த்துவிடுவோம். 2021 ஜனவரி கடைசியில் பயிற்சியாளராக வந்த தாமஸ் டூக்கல், முதல் ஆட்டத்தில் சில்வெல்லை இறக்கினார். அடுத்த ஆட்டத்தில் அலோன்சோவை இறக்கினார், அவர் பர்ன்லிக்கு எதிராக கோல் அடித்தார். மே 29-ஆம் தேதி போர்ட்டோ நகரில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிராக நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் மறுபடி சில்வெல். ஆகஸ்டில் புதிய சீசன் தொடங்கியபோது அலோன்சோ. முதல் ஆட்டத்திலேயே கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக ஃப்ரீ கிக்கில் கோல். அக்டோபரில் இடத்தை மீட்ட சில்வெல், சவுத்தாம்ப்டன், பிரென்ட்ஃபோர்டு, நார்விச் என்று அடுத்தடுத்த மூன்று லீக் ஆட்டங்களில் மூன்று கோல் அடித்தார். நவம்பர் 23 அன்று யுவென்டஸுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்தது. அத்தோடு போட்டி முடிந்துபோனது.

இதில் கோல் கணக்கை வைத்து முடிவு சொல்வது ஆபத்து. மூன்று ஆட்டத்தில் மூன்று கோல் என்பதை வைத்து ஒரு விங் பேக்கை எடைபோட முடியாது. மூன்று முறை சுண்டி மூன்று முறையும் பூ விழுந்த நாணயம் மாதிரிதான் அது. அந்த இறுதியாட்டத்தின் ஒரே கோலையே எடுத்துக்கொள்ளுங்கள். 42-ஆவது நிமிடம். கோல்கீப்பர் மென்டி இடது ஓரத்துக்குப் பந்தை அனுப்பினார். சில்வெல் அதை மவுன்ட்டிடம் தள்ளினார். மவுன்ட் தடுப்பாட்டத்தைப் பிளந்து கொடுத்த பந்தில் ஹாவெர்ட்ஸ் கோல் அடித்தார். ஏட்டில் கோல் ஹாவெர்ட்ஸுக்கு, அசிஸ்ட் மவுன்ட்டுக்கு. சில்வெல் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை.

சரி, ஏட்டில் ஏறாத அந்த வேலை என்ன? பின்னால் மூன்று தடுப்பாளர்கள் நிற்கும் அமைப்பில், பல சமயம் ஒரு ஓரம் முழுவதும் ஒரே ஆளின் பொறுப்பு. ஆடுகளம் 105 மீட்டர் நீளம். எதிரணியின் கோல் எல்லை வரை ஓடி கிராஸ் (ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் அனுப்பும் பந்து) கொடுக்க வேண்டும். பந்து பறிபோனால் அதே வேகத்தில் சொந்த எல்லைக்குத் திரும்ப வேண்டும். ஒரு ஆட்டத்தில் மொத்தம் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடினாலும், முழு வேகப் பாய்ச்சல் சில நூறு மீட்டர்தான். ஒவ்வொரு பாய்ச்சலும் இரண்டு முதல் நான்கு விநாடி. ஆட்டத்தைத் தீர்மானிப்பது அந்தத் துண்டுகள்தான். அதிலும் முக்கியம், ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் தசைக்குள் நடப்பது.

தசை சுருங்க ஏடிபி (ATP) என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும் என்று பள்ளியில் படித்திருப்போம். தசையில் இருக்கும் ஏடிபி கையிருப்பு முழுப் பாய்ச்சலுக்கு இரண்டு மூன்று விநாடிதான் வரும். ஆனாலும் ஏடிபியை அடிமட்டம் வரை காலியாக விடுவதில்லை உடம்பு. அதற்கு அது செய்துவைத்திருக்கும் ஏற்பாடுதான் பாஸ்போகிரியேட்டின்.

நம் வீட்டுத் தண்ணீர் ஏற்பாட்டை நினைத்துப் பாருங்கள். குழாயில் நிற்கும் தண்ணீர்தான் ஏடிபி. திறந்தால் உடனே வரும், ஆனால் கொஞ்சம்தான். மொட்டைமாடித் தொட்டியில் இருப்பது பாஸ்போகிரியேட்டின். ஓய்வில் இருக்கும் தசையில் அது ஏடிபியைப்போல மூன்று நான்கு மடங்கு. ஏடிபி (ATP) ஒரு பாஸ்பேட்டை இழந்து ADP ஆன அடுத்த கணமே, கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி பாஸ்போகிரியேட்டினிடமிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிடுங்கி அதனிடம் கொடுத்துவிடுகிறது. ஒரே படி, ஆக்சிஜன் தேவையில்லை. குழாயில் தண்ணீர் குறைவதே தெரியாது, மேலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும். ஆனால் எல்லாக் குழாயையும் முழுதாகத் திறந்துவிட்டால் அந்தத் தொட்டி சுமார் பத்து விநாடிதான் தாங்கும்.

தொட்டியை மறுபடி நிரப்ப மோட்டார் போட வேண்டும். அந்த மோட்டார், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா. அதற்குக் கரண்ட் ஆக்சிஜன். பாய்ச்சல் முடிந்து விங் பேக் இடுப்பில் கை வைத்து நடக்கும்போது, முதல் அரை நிமிடத்தில் ஏறக்குறைய பாதித் தொட்டி நிரம்பிவிடும். முழுதாக நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். கடும் பயிற்சி முடிந்தவுடன் காலுக்கு இரத்தம் போகாதபடி பட்டை கட்டி இறுக்கிப் பார்த்த ஆய்வாளர்கள் உண்டு. கட்டு இருக்கும்வரை பாஸ்போகிரியேட்டின் ஏறவே இல்லை. அவிழ்த்ததும் ஏறத் தொடங்கியது. கரண்ட் வந்ததும் மோட்டார் ஓடுவது மாதிரி! இரண்டு விநாடிப் பாய்ச்சலுக்கு ஆக்சிஜன் வேண்டாம், ஆனால் அடுத்த பாய்ச்சலுக்குத் தயாராக ஆக்சிஜன்தான் எல்லாமே. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர் என்பதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895-இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவை சிகிச்சை அறைக்குப் போனார். பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முழு மருத்துவப் பட்டம் கிடைக்காமல், அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். 1923-இல் அமெரிக்கா போய், பின்னர் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்கோடு சேர்ந்து வேலை பார்த்தார்.

இருவரும் 1925-இல் பாஸ்பேட்டை அளக்க ஒரு முறையை வெளியிட்டார்கள். கரைசலில் மாலிப்டேட் சேர்த்து, ஒடுக்கும் பொருள் ஒன்றையும் சேர்த்தால் நீல நிறம் வரும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பேட். தசைச் சாற்றை எடுத்து அதே சோதனையைச் செய்தபோதுதான் விந்தை நடந்தது. நீலம் வரவேண்டிய நேரத்தில் முழுதாக வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனது. மருந்து சரியில்லை என்று குழாயைக் கழுவி வைத்திருக்கலாம். அவர்கள் கழுவவில்லை. ஏதோ ஒரு பொருள் அமிலத்தில் மெல்ல உடைந்து பாஸ்பேட்டை விடுகிறது என்று புரிந்துகொண்டார்கள். தசையைத் தூண்டினால் அந்தப் பொருள் குறைகிறது, ஓய்வு கொடுத்தால் திரும்ப ஏறுகிறது என்றும் பார்த்தார்கள். 1927-இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்புதான் பாஸ்போகிரியேட்டின். இரண்டு ஆண்டு கழித்து ஏடிபியையும் தசையிலிருந்து பிரித்துக் காட்டினார்கள்.

சோதனைக்குழாயில் நீலம் தாமதமாக வருவதை ஆராய இன்று ஓர் இளைஞர் நிதி கேட்டால், "இதனால் என்ன பயன், எத்தனை மாதத்தில்?" என்றுதான் கேட்பார்கள். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதம்கூட நாம் ஆராய்ச்சிக்குச் செலவிடுவதில்லை. அந்தக் கொஞ்சத்தையும் பயன் தெரிந்த வேலைக்கு மட்டும் கொடுத்தால் சுப்பாராவ்கள் ஹார்வர்டைத் தேடித்தான் போவார்கள். எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு.

ஆட்டத்துக்குத் திரும்புவோம். தசை இழைகள் எல்லாம் ஒரே ஜாதி அல்ல. வேக இழைகளில் தொட்டி கொஞ்சம் பெரிது, மோட்டார் சிறிது. மெது இழைகளில் மோட்டார் பெரிது. அதனால் முதல் பாய்ச்சலில் மின்னுகிறவரே ஆறாவது பாய்ச்சலிலும் முந்துவார் என்று சொல்ல முடியாது. 30 மீட்டரை ஆறு முறை, நடுவில் 20 விநாடி மட்டும் இடைவெளி விட்டு ஓடச் சொன்னால் தெரிந்துவிடும். எடுத்துக்காட்டுக்கு நானே போட்ட கணக்கு இது: ஒருவர் 4.20, 4.28, 4.40, 4.53, 4.65, 4.74 விநாடி. இன்னொருவர் 4.36, 4.37, 4.40, 4.43, 4.45, 4.47. முதல் ஓட்டத்தை மட்டும் அளந்தால் முதலாமவருக்குத்தான் இடம். மூன்றாவதில் சமம். ஆறாவதில் இரண்டாமவர் 0.27 விநாடி முன்னால். அந்த வேகத்தில் அது ஏறக்குறைய இரண்டு மீட்டர். இரண்டு மீட்டர் பின்தங்கினால் எதிராளியின் கிராஸைக் காலால் தடுக்க முடியாது, முதுகைத்தான் பார்க்க முடியும்.

"அவனுக்குப் பிறவியிலேயே மூன்று நுரையீரல்" என்று மைதானத்தில் சொல்வார்கள். இழைகளின் விகிதத்தில் பிறவிக்குப் பங்கு உண்டுதான். ஆனால் மைட்டோகாண்ட்ரியா பயிற்சியால் பெருகும். மோட்டாரைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

இங்கேதான் அலோன்சோ என்னை வசீகரிக்கிறார். 1.88 மீட்டர் உயரம், விங் பேக்குக்கு வேகம் போதாது என்று பெயர் வாங்கியவர். ஆனாலும் 2016-17-இல் அப்போதைய செல்சி பயிற்சியாளர் அன்டோனியோ கான்டே மூன்று தடுப்பாளர் அமைப்புக்கு மாறி 13 லீக் ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று பட்டம் வாங்கியபோது, இடது ஓரம் அவருடையதுதான். வலது ஓரத்திலிருந்து கிராஸ் வரப்போகிறது என்பதை முன்கூட்டியே படித்து, மற்றவர்கள் பாயத் தொடங்கும் முன்பே நடுத்தர வேகத்தில் கிளம்பி தூரத்துக் கோல்கம்பத்துக்கு வந்து நிற்பார். முன்னால் கிளம்பியவருக்கு முழுவேகம் தேவையில்லை, தொட்டி அவ்வளவாக இறங்காது. ஆனால் பின்னோக்கி ஓடும்போது இந்த வித்தை பலிக்காது. எதிரணி எப்போது பந்தைப் பறிக்கும் என்பதை அவர் தீர்மானிக்க முடியாதே.

ஆகவே வாசகருக்கு என் பதில்: எதிரணி தன் எல்லைக்குள்ளேயே அடைந்துகிடக்கும் ஆட்டத்துக்கு அலோன்சோ. மான்செஸ்டர் சிட்டி மாதிரி அணியின் ஓரத் தாக்குதல்காரர்களை 80-ஆவது நிமிடத்திலும் துரத்த வேண்டிய ஆட்டத்துக்கு சில்வெல். போர்ட்டோவில் டூக்கல் எழுதிய பட்டியலிலும் அந்தப் பெயர்தான் இருந்தது.