கலந்தாய்வா, விலைபேசலா?

மதுரை தல்லாகுளத்தில் பெரியப்பா வீட்டில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. "அமெரிக்காவில் முதியோருக்கான மருந்து விலைக் கலந்தாய்வு..." பெரியப்பா சர்க்கரை மாத்திரையைப் பிரித்தபடியே கேட்டார்: "ஏப்பா, மருந்துக்குமா கட்-ஆஃப் போட்டாங்க?"

அவர் மேல் குற்றமில்லை. தமிழ்நாட்டில் கலந்தாய்வு என்றால் பொறியியல் சீட்டு. இல்லாவிட்டால் ஆசிரியர் இடமாறுதல்.

செய்தியில் கலந்தாய்வு என்று மொழிபெயர்த்தது நெகோஷியேஷன் என்ற ஆங்கிலச் சொல்லை. அதன் இலத்தீன் வேர் 'ஓய்வின்மை'. அதிலிருந்து வேலை, வியாபாரம். பிறப்பிலேயே சந்தைச் சொல், அவ்வளவுதான்.

இப்போது நடந்ததைப் பாருங்கள். மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயது தாண்டியவர்களுக்கான அரசுக் காப்பீடு. மருந்து நிறுவனங்களோடு அது விலை பேசக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் கையைக் கட்டியிருந்தது. 2022-இல் கட்டை அவிழ்த்தார்கள். முதல் சுற்றில் 10 மருந்துகள். அரசு ஒரு விலை சொல்லும், நிறுவனம் பதில் விலை சொல்லும், அப்புறம் இழுபறி. சர்க்கரை நோய்க்கான ஜானுவியா மாத்திரை 30 நாளுக்குப் பட்டியல் விலை 527 டாலர். பேசி முடித்தது 113 டாலர், 2026 ஜனவரி 1 முதல். இதில் யார் யாரோடு கலந்தார்கள், எதை ஆய்ந்தார்கள்? கலந்தாய்வில் எல்லோரும் ஒரே பக்கம் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். இங்கே ஒருவர் வாங்குகிறவர், ஒருவர் விற்கிறவர். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. தூய தமிழாக இருந்தால் போதும், பொருள் எப்படிப் போனால் என்ன!

பேச்சுவார்த்தை? எல்லைத் தகராறுக்கும் தொகுதிப் பங்கீட்டுக்கும் சரி. அதில் காசு வாசனை இல்லை. பேரம் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. தெலுங்கிலும் பேரமு உண்டு என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. குதிரை பேரம் என்று எழுதி எழுதியே அதைக் கெடுத்துவிட்டோம். 'மருந்து நிறுவனங்களுடன் அரசு பேரம்' என்று தலைப்புப் போட்டால் கமிஷன் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள்.

மிச்சம் இருப்பது விலைபேசல். வில் என்ற வினையில் பிறந்த விலை, அதைப் பேசுவது. மாட்டுத்தாவணி, அதாவது மாட்டுச் சந்தை, என்று பஸ் நிலையத்துக்கே பெயர் நிலைத்துவிட்ட ஊர் இது. மாட்டுச் சந்தையில் கைமேல் துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அமெரிக்காவிலும் பேசும்போது துண்டுக்கு அடியில்தான். ஆனால் முடிந்த விலையைச் சட்டப்படி ஊருக்குச் சொல்ல வேண்டும். விற்கிறவர் முறுக்கிக்கொண்டு போனால் கடும் வரி. இது பேச்சே இல்லை, மிரட்டல் என்று நிறுவனங்கள் வழக்குப் போட்டதும் உண்டு.

அதற்காக நம் ஊர் நடைமுறைக்கும் விலைபேசல் என்று எழுதிவிடாதீர்கள். இங்கே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு 2013-ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி கணக்குப் போட்டு உச்சவரம்பு வைக்கிறார்கள். அது விலை நிர்ணயம்.