சொல் விளக்கம்: சப்ளிமென்ட்

சிங்கப்பூரின் தேக்கா பக்கம் மருந்துக்கடையில் நம்மவர்கள் கேட்பது 'சத்து மாத்திரை'. போத்தலில் 'ஹெல்த் சப்ளிமென்ட்' என்றிருக்கும். சிங்கப்பூர் விதிகளில் உள்ள பெயரும் அதுவே. அமெரிக்காவிலிருந்து வரும் போத்தலில் 'டயட்டரி சப்ளிமென்ட்' என்று இருக்கும். அது அந்நாட்டின் 1994ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்த சொல்.

மூலம் லத்தீன். 'ப்ளேரே' என்றால் நிரப்புதல். 'சப்' முன்னே சேர்ந்து 'சப்ளேரே' ஆனதும், குறைந்ததை நிரப்பி முழுமையாக்குதல் என்ற பொருள் வருகிறது. போரில் ஆள் இழந்த படைப்பிரிவை நிரப்ப அனுப்பிய புதிய வீரர்களை ரோமானியர் 'சப்ளிமென்டும்' என்றார்கள். ஆள் குறையாத படைக்கு அதை அனுப்ப வேண்டியதில்லை. 'சத்து மாத்திரை' என்னும்போது இந்தப் பொருள்தான் தொலைந்துபோகிறது. என்ன குறை, எவ்வளவு குறை என்று அந்தப் பெயர் கேட்பதே இல்லை. சத்து யாருக்கும் நல்லதுதானே என்று கை நீண்டுவிடுகிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'துணைமருந்து' தவறு, இது மருந்தல்ல, நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்கவும் கூடாது. 'இணை உணவு' என்பது ஆறு மாதத்துக்குப் பின் குழந்தைக்குத் தாய்ப்பாலோடு தரும் உணவுக்கு நிலைத்துவிட்ட பெயர். 'துணையுணவு' பரவாயில்லை, ஆனால் குறை என்ற கரு அதில் இல்லை. 'சத்துக்குறை நிரப்பி', சுருக்கமாகக் 'குறைநிரப்பி' என்பதே சரி என்பது எங்கள் கருத்து.

ஆய்வுச் சான்றுகளைப் படிக்கும்போதும் இந்தச் சொல் வழிகாட்டும். மெட்ஃபார்மின் நீண்ட காலம் எடுக்கும் நீரிழிவு நோயாளிக்கும், முட்டை பால்கூடச் சேர்க்காத சைவருக்கும் வைட்டமின் பி12 குறைய வாய்ப்பு உண்டு. இரத்தப் பரிசோதனை குறையைக் காட்டினால் மாத்திரைக்கு வேலை இருக்கிறது. மாறாக, அமெரிக்காவில் 25,871 பேருக்கு நடந்த ஆய்வில், தினம் 2000 ஐயூ (வைட்டமினை அளக்கும் அலகு) வைட்டமின் டி எடுத்தவர்களிடம் புற்றுநோயோ இதயநோயோ குறையவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு இரத்தத்தில் ஏற்கெனவே போதிய அளவு இருந்தது. ஆகவே ஓர் ஆய்வைப் பார்த்ததும் முதல் கேள்வி, 'வேலை செய்ததா?' என்பதல்ல, 'யாருக்குக் கொடுத்தார்கள்?' என்பதே.

இன்னொரு படிப்பினை, கேரட் போன்ற காய்கறிகளில் உள்ள பீட்டா கரோட்டின் என்ற நிறமியால் வந்தது. காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுவோருக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கவனித்தார்கள். அப்படிச் சாப்பிடுவோர் புகைப்பது குறைவாக இருக்கலாம், நடப்பது கூடுதலாக இருக்கலாம். வெறும் கவனிப்பால் இவற்றை முழுதாகப் பிரிக்க முடியாது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்குத் தினம் 20 மி.கி. பீட்டா கரோட்டினும் மற்றவர்களுக்கு அது இல்லாத மாத்திரையும் கொடுத்தார்கள். 1994இல் வந்த முடிவில், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகம். கேரட்டைக் கவனித்துச் சொன்னதை மாத்திரைக்குச் சான்றாகக் காட்டும் விளம்பரம் இன்றும் வருகிறது. அதை ஏற்காதீர்கள்.

'மாத்திரை' என்ற சொல்லுக்கே பொருள் அளவு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று இலக்கணத்தில் எண்ணுகிறோமே, அதே சொல். அந்த அளவைத்தான் லேபிளில் தேட வேண்டும். 'கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.' என்றால் அதில் கால்சியம் 500 மி.கி.தான். '1000 மி.கி. மீன் எண்ணெய்' குளிகை பலவற்றில் ஈபிஏ 180, டிஹெச்ஏ 120, ஆக 300 மி.கி.தான் ஒமேகா-3. ஆய்வில் கொடுத்த அளவை இந்த உள்ளளவோடுதான் ஒப்பிட வேண்டும். முடி வளரவென்று எடுக்கும் பயோட்டின் என்ற பி வைட்டமின் மிகுந்தால், தைராய்டு பரிசோதனையும் இதயத்தசை சேதத்தைக் காட்டும் ட்ரோப்போனின் பரிசோதனையும் சில வேளை தவறான எண்ணைக் காட்டும். ட்ரோப்போனின் பொய்யாகக் குறைந்தால் மாரடைப்பே கண்ணில் படாமல் போகும். இரத்தம் எடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

சிங்கப்பூரில் குறைநிரப்பிகளை விற்க சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன்அனுமதி தேவையில்லை. பாதுகாப்புக்கும் தரத்துக்கும் விற்பவரே பொறுப்பு. கடையில் இருப்பதாலேயே சோதித்து ஒப்புதல் தந்த பொருள் என்று எண்ண வேண்டாம். ஆணையம் எச்சரித்த பொருள்களில் திரும்பத் திரும்பச் சிக்குபவை இரண்டு: எடைகுறைப்புக் குளிகையில் சொல்லாமல் கலந்த சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து, மூட்டுவலிக் குளிகையில் அதேபோல் கலந்த டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. மூலிகை என்று வாங்கியது இரண்டே நாளில் பல வருட மூட்டுவலியை அடக்கினால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். ஆனால் பல வாரம் எடுத்த பின் பயந்துபோய்ச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. உடல் தானே சுரக்கும் இதே வகை ஸ்டீராய்டான கார்டிசால் அதற்குள் அடங்கிப்போயிருக்கும். மயக்கம், இரத்த அழுத்த வீழ்ச்சி வரலாம். போத்தலோடு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.