அட்வகசி: வக்காலத்தா, பரிந்துரையா?

"வகுப்பில் பாலிசி அட்வகசி பிரசன்டேஷன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். நடப்பில் உள்ள ஒரு விதியை எடுத்துக்கொண்டு, அது ஏன் மாற வேண்டும் என்று கேட்பவர்கள் ஏற்கும்படி பத்து நிமிடம் பேச வேண்டும். இதைத் தமிழில் என்னவென்று எழுதுவது?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவளிடமே இரண்டு விடைகள் இருந்தன. ஒன்று 'கொள்கை வக்காலத்து', மற்றொன்று 'கொள்கைப் பரிந்துரை'. முதலாவதைக் கேட்டால் சண்டைக்குப் போவதுபோல் இருக்கிறது, இரண்டாவது மருந்துச் சீட்டை நினைவூட்டுகிறது என்றாள். இரண்டும் சரியான கணிப்பு. ஆனாலும் இரண்டாவது சொல்லைக் கைவிட எனக்கு மனமில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அட்வகசியின் வேர் லத்தீன். 'அட்' என்றால் 'பக்கமாக'. 'வொகாரே' என்றால் 'அழைத்தல்'. குரலைக் குறிக்கும் 'வோக்ஸ்' அதற்கு உறவுச்சொல். 'அட்வொகாதுஸ்' என்றால் 'அருகே அழைக்கப்பட்டவர்'. பழைய ரோமில் வழக்கில் சிக்கிய ஒருவர், தமக்குத் துணையாக வந்து நிற்கும்படி அழைத்த ஆளை இப்படிச் சொன்னார்கள். மன்றத்தில் எழுந்து வாதாடியவருக்கு 'பத்ரோனுஸ்' என்று வேறு பெயர் இருந்தது. அட்வொகாதுஸ் சட்ட யோசனை சொல்வார், பக்கத்தில் நிற்பார். மதிப்புள்ள ஒருவர் கூட நிற்பதே வழக்குக்குப் பலம். பேரரசுக் காலத்தில்தான் வாதாடுபவரையும் இந்தச் சொல் குறிக்கத் தொடங்கியது. வழக்குரைப்பதற்குப் பணமோ பரிசோ வாங்கக் கூடாது என்று கி.மு. 204-இல் லெக்ஸ் சின்சியா என்ற சட்டமே ரோமில் இயற்றப்பட்டது. பிறகு பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல், நீதிமன்றத்தைத் தாண்டி, ஒரு மாற்றத்துக்காகப் பொதுவில் பேசுவதையும் குறிக்க விரிந்தது.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். அழைத்தவர் என்று ஒருவர் இருக்கிறார். தானாகத் தோன்றிய கருத்தைச் சொல்பவருக்கு அந்தப் பெயர் பொருந்தாது. பாதிக்கப்பட்டவர் கூப்பிட்டு, அவருக்காக வந்து நின்றவருக்கே பொருந்தும்.

வக்காலத்துக்கும் ஏறக்குறைய இதே கதை. அரபியில் 'வக்கீல்' என்றால் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர். அந்த ஒப்படைப்புதான் 'வகாலத்'. பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்து வக்காலத்து ஆனது. இன்றும் கட்சிக்காரர் கையெழுத்திட்டு வழக்கறிஞரிடம் தரும் தாளுக்கு வக்காலத்து என்றுதான் பெயர். ஆனால் பேச்சில் அந்தச் சொல் திசை மாறிவிட்டது. "அவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்குறே?" என்று கேட்டால், யாரும் கேட்காமலே தலையிடுகிறாய் என்று குறை சொல்வதாகப் பொருள். கையெழுத்தை வைத்துப் பிறந்த சொல், கையெழுத்தில்லாத தலையீட்டைக் குறிக்கப் போய்விட்டது. தலைப்புக்கு அது உதவாது. பாரசீகத்திலிருந்து வந்த 'சிபாரிசு' இன்னும் மோசமாகக் கறைபட்டுவிட்டது. அதைச் சொன்னால் குறுக்குவழிதான் நினைவுக்கு வரும்.

தமிழிலேயே 'மன்றாடு' இருக்கிறது. மன்று என்பது ஊரார் கூடும் பொதுவெளி. அங்கே நின்று வழக்காடுவது மன்றாடுதல். எவ்வளவு நிமிர்ந்த சொல்! இன்று அதற்குக் கெஞ்சுதல் என்ற பொருள்தான் எஞ்சியிருக்கிறது. முறை கேட்க மன்றுக்குப் போனவர்கள் பலமுறை கெஞ்சித்தான் பெற்றார்களோ என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இனி பரிந்துரை. பரிந்து, உரை என்று பிரித்தால் போதும், உள்ளே இருப்பது தெரிந்துவிடும். 'பரி' என்ற வினைக்கு இரங்குதல், அன்பு கொள்ளுதல், வருந்துதல் என்று பொருள்கள். பரிவு என்ற பெயர்ச்சொல் அதிலிருந்தே வருகிறது. "பரிந்தோம்பிக் காக்க ஒழுக்கம்" என்று குறள் சொல்லும்போது, வருத்தப்பட்டாவது காக்க வேண்டும் என்ற பொருள் கிடைக்கிறது. "பால்நினைந் தூட்டும் தாயினும் சாலப் பரிந்து" என்று திருவாசகம் சொல்லும்போது அதே வினை தாயன்பின் உச்சிக்குப் போகிறது. குழந்தை அழும்வரை காத்திருக்காமல், அதன் பசியைத் தானே நினைந்து ஊட்டுபவள் அந்தத் தாய். ஆக, பரிந்துரைப்பது என்றால் ஒருவருடைய துன்பம் தன் மனத்தில் தைத்து, அதனால் அவருக்காகப் பேசுவது. அட்வகசிக்கு அழைப்பு மூலம் என்றால் பரிந்துரைக்குப் பரிவு மூலம். இரண்டும் சேர்ந்தால்தான் முழுமை என்பது என் எண்ணம்.

பிறகு எப்படி அது மருந்துச் சீட்டாயிற்று? வேற்றுமை உருபைக் கவனித்தால் விளங்கும். "மருத்துவர் மாத்திரையைப் பரிந்துரைத்தார்", "குழு மூன்று மாற்றங்களைப் பரிந்துரைத்தது" என்கிறோம். பரிந்துரைக்கப்படும் பொருள் ஐகாரம் ஏற்று முன்னே வந்து நிற்கிறது. பேச்சுவழக்கில் "அவளுக்குப் பரிஞ்சு பேசினான்" என்று சொல்லும்போது கு உருபோடு ஆள் நிற்கிறார். அறிக்கைத் தமிழ் 'எதை' என்பதை வைத்துக்கொண்டு 'யாருக்காக' என்பதை நழுவவிட்டுவிட்டது. இரண்டையும் சேர்த்து, கேட்பவரையும் உடன் வைத்தால் வாக்கியம் நிறைவடைகிறது: யாருக்காக, எதை, யாரிடம் பரிந்துரைக்கிறோம்? அந்த மாணவிக்கு நான் கொடுத்த ஆயத்தக் குறிப்பு இந்த மூன்று கேள்விகள்தாம். அவள் எடுத்திருந்த பொருள், பள்ளி காலையில் தொடங்கும் நேரத்தைத் தள்ளிவைப்பது.

யாருக்காக? "மாணவர்களுக்காக" என்றாள் உடனே. எந்த மாணவர்கள் என்று கேட்டேன். வளரிளம் பருவத்தில் உடலின் கடிகாரம் பிந்திப்போகிறது, உறக்கத்தைக் கூட்டிவரும் மெலடோனின் இரவில் தாமதமாகச் சுரக்கிறது, 13 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணிநேர உறக்கம் தேவை என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014-இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்று அறிவித்ததையும் குறித்து வைத்திருந்தாள். ஆனால் தன் பள்ளிக்கு வெகுதொலைவிலிருந்து வருகிற, இருட்டிலேயே எழுந்து கிளம்புகிற பிள்ளைகளில் ஒருவரிடமும் பேசியிருக்கவில்லை. அட்வொகாதுஸை அவர்கள் இன்னும் அழைக்கவில்லை. போய்க் கேட்டுவிட்டு வந்தபோது அவளுடைய முதல் நிமிடம் முழுக்க மாறியிருந்தது. ஆராய்ச்சி முடிவுகள் அப்படியே இருந்தன, ஆனால் அவை இப்போது ஒரு முகத்துக்குப் பின்னால் வந்தன.

எதை? இங்கேதான் 'பாலிசி' என்ற சொல் குழப்பம் செய்கிறது. நகரரசைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'பொலிஸ்'. அதிலிருந்து ஆட்சிமுறையைக் குறிக்கும் 'பொலிதேயா'. அங்கிருந்து லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆட்சியின் வழிமுறை என்ற பொருளில் பாலிசி. காப்பீட்டுப் பாலிசிக்கு இதனோடு உறவே இல்லை. அது 'சான்று' என்று பொருள்படும் கிரேக்க 'அபோதெய்க்ஸிஸ்' என்ற சொல்லிலிருந்து இத்தாலிய 'பொலிட்சா'வாகி வந்த வேறு சொல். ஒலி ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான்.

தமிழில் நாம் வைத்திருக்கும் 'கொள்கை' நல்ல சொல். கொள் என்ற வினையோடு கை என்ற விகுதி சேர்ந்தது; செய்கை, இருக்கை போல. மனத்தில் கொண்டது கொள்கை. "குலஞ்சுடும் கொள்கை பிழைப்பின்" என்று குறள் ஒழுக்கத்தை அந்தச் சொல்லால் குறிக்கிறது. அந்தப் பழம்பொருள் இன்னும் உயிரோடிருப்பதால்தான் 'கொள்கை மாற்றம்' என்றதும் காதில் ஒரு நெருடல். ஒருவர் கொள்கை மாறினார் என்றால் நாம் பாராட்டிச் சொல்வதில்லை. ஆகவே மாணவர்களுக்கு என் யோசனை, பொதுப்பெயரைத் தலைப்பில் வைத்துவிட்டு, பேச்சுக்குள்ளே குறிப்பிட்ட விதியைச் சொல்லுங்கள். "கல்விக் கொள்கை மாற வேண்டும்" என்றால் யாரும் எதுவும் செய்ய முடியாது. "முதல் வகுப்பு 8.30-க்குத் தொடங்க வேண்டும்" என்றால் செய்யலாம், மறுக்கலாம், 8.15 என்று பேரம் பேசலாம்.

இன்னொரு கேள்வியும் 'எதை' என்பதற்குள் அடங்கும்: அந்த விதிதான் தீங்குக்குக் காரணமா? மாணவர் பேச்சுகளில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான். தீங்கைப் பற்றி நிறையப் பேசுவார்கள், தீர்வைப் பற்றியும் பேசுவார்கள், நடுவில் உள்ள கண்ணியைக் காட்ட மாட்டார்கள். பிள்ளைகள் தூங்காதது கைப்பேசியால் என்று எவரேனும் எழுந்து சொன்னால் பேச்சு அங்கேயே சாய்ந்துவிடும். மணிமேகலையின் 29ஆம் காதை இதற்கு நல்ல அளவுகோல் தருகிறது. பக்கம், ஏது, எடுத்துக்காட்டு: இம்மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனெனில் புகை இருக்கிறது, அடுக்களையில் காண்பதுபோல. பக்கம் என்பது நாம் நிறுவ விரும்புவது, ஏது அதற்கான காரணம், எடுத்துக்காட்டு அந்தக் காரணம் வேறோரிடத்தில் மெய்யானதற்குச் சான்று. நேரத்தை மாற்றினால் உறக்கம் கூடும் என்பது பக்கம். உடற்கடிகாரம் பிந்துவது ஏது. நேரத்தை மாற்றிப் பார்த்த இடம் எடுத்துக்காட்டு. அமெரிக்க மாநிலமான கலிபோர்னியா 2019-இல் சட்டம் இயற்றி, 2022 ஜூலை முதல் உயர்நிலைப் பள்ளிகள் 8.30-க்கும் நடுநிலைப் பள்ளிகள் 8.00-க்கும் முன் தொடங்கக் கூடாது என்றாக்கியது. சில ஊரகப் பகுதிகளுக்கு விலக்கும் கொடுத்தது.

யாரிடம்? பேச்சின் கடைசிக் கேள்வி இதுதான், மிகக் கடினமானதும் இதுதான். ஆங்கிலேய அறிஞர் ரிச்சர்ட் வேட்லி 1828-இல் வெளியிட்ட பேச்சுக்கலை நூலில் ஒரு முறையை வகுத்தார். நடப்பில் இருப்பது இருந்துவிட்டுப் போகலாம் என்பதே தொடக்க நிலை. மாற்று என்று சொல்பவர்தான் காரணம் காட்ட வேண்டும். சட்டத்தமிழில் இதை மெய்ப்பிக்கும் பொறுப்பு என்பார்கள். மாணவருக்கு இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் கேட்பவர் பக்கம் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒரு பள்ளியின் நேரத்தை மாற்றினால் பேருந்து ஓட்டங்கள் மாறும், மாலை விளையாட்டு சுருங்கும், வேலைக்குப் போகும் பெற்றோருக்குக் காலை ஏற்பாடு குலையும். புளோரிடா 2023-இல் கலிபோர்னியாவைப் போலவே சட்டம் இயற்றிவிட்டு, அது 2026-இல் நடைமுறைக்கு வருமுன், 2025-இல் அதைத் தளர்த்திப் பள்ளி மாவட்டங்கள் விலகிக்கொள்ள வழிவிட்டது. செலவும் பேருந்துச் சிக்கலும் முன்வைக்கப்பட்ட காரணங்கள். மாணவி இந்தச் செய்தியை முதலில் ஒதுக்கிவிட்டிருந்தாள். தன் வாதத்துக்கு எதிரானது என்று பயந்தாள். அதை நீயே சொல் என்றேன். மற்றவர் சொல்லிக் கேட்டால் அது அடி. நீ சொன்னால் அது நாணயம்.

கேட்பவரை ஏற்கச் செய்வதற்கு நாம் இன்று 'வற்புறுத்தல்' என்று எழுதினால் கட்டாயப்படுத்துவதாகத் தொனிக்கும். பழைய அகப்பாடல் குறிப்புகளில் அந்தச் சொல்லுக்கு வேறு முகம். பிரிவில் கலங்கும் தலைவியைத் தோழி வற்புறுத்தினாள் என்றால், காரணம் சொல்லித் திடப்படுத்தினாள், தேற்றினாள் என்று பொருள். குறுந்தொகையின் 66ஆம் பாட்டில் கொன்றை பூத்துவிட்டது, அவர் சொன்ன கார்காலம் வந்துவிட்டது என்று தலைவி உடைகிறாள். தோழி கொன்றை பூத்ததை மறுக்கவில்லை. காலமல்லாத மழையைக் கார் என்று எண்ணிப் பேதைக் கொன்றை பூத்துவிட்டது என்கிறாள். எதிரே உள்ள சான்றை ஒப்புக்கொண்டு, அதன் பொருளை மாற்றிக் காட்டும் பேச்சு அது. தோழி காதலால் அப்படிச் சொல்லலாம். சான்றுக்குப் புதுப்பொருள் தரும்போது மாணவர் அதை மெய்யென்றும் நிறுவ வேண்டும். இன்றைய வழக்குக்கு 'இணங்கவைத்தல்' பொருத்தம். இணங்கு என்பதில் கூடிச் சேர்வது இருக்கிறது, தோற்றவர் இல்லை.

பிரசன்டேஷனுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. திரையில் ஓடுவது விளக்கக்காட்சி. அதன் முன் நின்று பேசுவது எடுத்துரைப்பு. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதால்தான் பலர் முன்னதைச் செய்து முடித்ததும் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள்.

பரிந்துரையில் இன்னொரு சிறு திருத்தமும் வேண்டும். அட்வகேட்டை நீதிமன்றத்தில் வழக்கறிஞர் என்போம், சரி. கொள்கை மாற்றத்துக்காகப் பேசுபவரைப் 'பரிந்துரையாளர்' என்றால் விண்ணப்பப் படிவத்தில் நற்சான்று தருபவர் என்று நினைத்துவிடுவார்கள். அந்த இடத்தில் சொல்லைப் பிரித்து, 'பரிந்து பேசுபவர்' என்றே எழுதிவிடலாம். மாணவி கடைசியில் தன் முதல் தாளில் எழுதியதும் பிரித்துத்தான்: "முதல் பேருந்தில் வரும் மாணவர்களுக்காக, பள்ளி நேரத்தை 8.30-க்கு மாற்றும்படி, பள்ளி நிர்வாகக் குழுவிடம் பரிந்து உரைப்பது". தலைப்புக்கு மிக நீளம் என்று ஆசிரியர் சொன்னாராம். அவள் மாற்றவில்லை.