வெயில் எட்டாத பவளத்திட்டுகள்

பவளப்பாறை என்றதும் வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடல்தான் நினைவுக்கு வரும். ஆனால் இதுவரை அறியப்பட்ட பவள இனங்களில் பாதிக்கும் மேல் ஆழக்கடலின் குளிர்ந்த இருட்டில் வாழ்பவை. நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளுக்கு அப்பால், 300 முதல் 400 மீட்டர் ஆழத்தில் இருக்கும் ரோஸ்ட் பவளத்திட்டின் நீளம் ஏறத்தாழ 35 கி.மீ. இவ்வளவு பெரியது அங்கே இருப்பது 2002இல்தான் தெரியவந்தது! அமெரிக்காவின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் பிளேக் மேட்டுநிலத்தில் பவள மேடுகள் சுமார் 500 கி.மீ. நீளத்துக்குப் பரவியிருப்பதாக 2024இல் வெளியான வரைபடம் காட்டியது.

ஆழமில்லாத கடலின் பவளங்களுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து வெயிலைக் கொண்டு உணவு சமைத்துத் தருகின்றன. ஆழத்தில் அந்த வசதி இல்லை. லோஃபீலியா என்னும் வெண்பவளத்தில் மொட்டுப்போல் இருக்கும் ஒவ்வொரு சிற்றுயிரும் கொடுக்குச் செல்கள் நிறைந்த உணர்கொம்புகளை விரித்து, நீரோட்டத்தோடு வரும் நுண்ணுயிர்களையும் மேலிருந்து உதிரும் மக்கிய துகள்களையும் பிடித்துத் தின்கிறது. அதனால்தான் நீரோட்டம் வேகமெடுக்கும் கடலடி முகடுகளையும் சரிவுகளையும் ஒட்டியே இந்தத் திட்டுகள் இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் மிங்குலே திட்டில், ஓதம் மாறும்போது மேற்பரப்பு நீர் கீழ்நோக்கி இழுக்கப்பட்டு, ஒரு மணி நேரத்துக்குள் புது உணவு திட்டை எட்டிவிடுகிறது.

லோஃபீலியா அரகோனைட் என்னும் சுண்ணாம்புக் கனிமத்தால் கிளை கிளையாகக் கூடு கட்டுகிறது. வேகம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். நன்றாக வளர்ந்தால் இரண்டரை சென்டிமீட்டர். நுனி வளர வளர அடிக்கிளைகள் செத்துவிடும். ஆனால் சரிந்து விழுவதில்லை. கிளைகளுக்கிடையே நீரின் வேகம் குறைவதால் சேறு படிந்து அவற்றைத் தாங்கிப் பிடிக்கிறது. புதிய பவள இளவுயிரிகள் அந்தச் செத்த கிளைகளின் மேலேயே ஒட்டி வளர்கின்றன. அயர்லாந்துக்குத் தென்மேற்கே 155 மீட்டர் உயர்ந்து நிற்கும் சேலஞ்சர் மேட்டை 2005இல் துளையிட்டுப் பார்த்தபோது, அது வளரத் தொடங்கி 26 லட்சம் ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதில் யூனிசி என்னும் புழுவுக்கும் பங்குண்டு. பவளம் பிடித்த இரையைக்கூடப் பறித்துக்கொள்ளும் திருடன்தான். ஆனால் அது வாழ்வதற்குக் கட்டும் குழாயின் மேல் பவளம் சுண்ணாம்பைப் பூசி மூடிவிடுவதால், பக்கத்துக் கிளைகள் ஒன்றோடொன்று இணைந்து திட்டு வலுப்பெறுகிறது.

வடகிழக்கு அட்லாண்டிக்கின் லோஃபீலியா திட்டுகளில் 1,300க்கும் மேற்பட்ட உயிரினங்கள் பதிவாகியுள்ளன. உயிருள்ள பவளம் தன்மேல் பிறர் ஒட்டுவதை எளிதில் விடாது. ஆகவே கடற்பஞ்சு, குழாய்ப்புழு, பாசி விலங்கு எல்லாம் பெரும்பாலும் செத்த கிளைகளில்தான் குடியிருக்கின்றன. இங்கே வீடு என்பது எலும்புக்கூடுதான். மேலே பூத்திருப்பது மெல்லிய விளிம்பு மட்டுமே.

மீன்பிடிக் கப்பல்கள் இழுத்துச்செல்லும் கனத்த வலைகளான இழுவை மடிகள் கடல்தரையை உரசிப் போனால் எலும்புக்கூடு, உயிருள்ள விளிம்பு இரண்டுமே நொறுங்கிவிடும். நார்வேயின் திட்டுகளில் 30 முதல் 50 விழுக்காடு வரை சேதமடைந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அந்நாடு 1999இலேயே திட்டுகளைக் காக்க விதி கொண்டுவந்தது. ஸ்காட்லாந்துக்கு வடமேற்கே டார்வின் மேடுகளில் 2003இல் இழுவை மடிக்குத் தடை வந்தது. எட்டு ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது, மோசமாகச் சிதைந்த மேடுகள் மீண்டிருக்கவில்லை. இவ்வளவு மெதுவாக வளரும் உயிரிடம் எட்டு ஆண்டில் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

மடியையாவது தடுக்கலாம். கடல்நீரில் கரையும் கரியமில வாயுவைத் தடுக்க விதி போதாது. அது கூடக் கூட நீரில் கார்பனேட் அயனிகள் குறைகின்றன; ஓர் எல்லைக்குக் கீழே அரகோனைட் கரையத் தொடங்கும். குளிரும் அழுத்தமும் கூடும் ஆழத்தில் அந்த எல்லை முதலில் வரும். 2100க்குள் அறியப்பட்ட ஆழப்பவள இடங்களில் சுமார் 70 விழுக்காடு அத்தகைய நீருக்குள் சிக்கும் என்று 2006இல் ஒரு கணிப்பு வந்தது.

உயிருள்ள பவளம் தன் கூட்டைத் தசையால் போர்த்தியிருப்பதால் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது, ஆற்றலைச் செலவிட்டுக் கட்டவும் செய்கிறது. வெறுமையாக நிற்கும் செத்த கிளைகளுக்கு அந்தப் போர்வை இல்லை. அவை உள்ளே துளைபட்டுப்போய் எடை தாங்க முடியாமல் முறிகின்றன. தெற்குக் கலிஃபோர்னியாக் கடலில் நீர் இப்போதே அரகோனைட்டைக் கரைக்கும் நிலையில் இருக்கிறது. அங்கே லோஃபீலியா உயிரோடு இருக்கிறது. ஆனால் அதன் கீழே சொல்லிக்கொள்ளும்படியான திட்டு எதுவும் உருவாகவில்லை.