'யரெ யரெ': ஒரு பெருமூச்சின் இலக்கணம்

தொப்பியின் விளிம்பைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு "யரெ யரெ தஜெ" என்பான் ஜோதாரோ குஜோ. ஹிரோஹிகோ அராக்கியின் 'ஜோஜோவின் விசித்திர சாகசம்' என்ற மங்காவில், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதைத் தொடரில், மூன்றாம் பாகத்தின் நாயகன் அவன். அந்தப் பாகம் 1989இல் 'வீக்லி ஷோனென் ஜம்ப்' இதழில் தொடங்கியது. 2014இல் தொலைக்காட்சி அனிமேயாக, அதாவது ஜப்பானிய அசைவூட்டத் தொடராக வந்தபின், ஜப்பானிய மொழியில் வேறு ஒரு சொல்லும் தெரியாதவர்கள்கூட இதைச் சொல்லத் தொடங்கினார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பில் இது பெரும்பாலும் 'குட் கிரீஃப்' ஆகிவிடும். கெத்தான பஞ்ச் டயலாக் என்று ரசிகர்கள் நினைத்துக்கொள்வதில் வியப்பில்லை. ஆனால் இதில் கெத்து இருப்பது கடைசியில் ஒட்டிய 'தஜெ' என்ற வாலில்தான். அதற்கு முன்னால் உள்ள 'யரெ யரெ' வயதானவர்கள் வாயில் சாதாரணமாக வரும் பழைய சொல்.

ஜப்பானிய அகராதிகள் இதற்கு இரண்டு பொருள் தருகின்றன. ஒன்று நிம்மதி. விருந்தாளிகளை வழியனுப்பிவிட்டு வந்து உட்காரும்போது, "யரெ யரெ, ஒருவழியாக முடிந்தது" என்பார்கள். நம் 'அப்பாடா' இங்கே அப்படியே பொருந்தும். மற்றொன்று சலிப்பு. துணி காயப்போட்ட கையோடு வானம் இருட்டினால், "யரெ யரெ, மறுபடியும் மழையா" என்று வரும். இங்கே 'அப்பாடா' உதவாது. 'அட போப்பா', 'இது வேறயா' என்ற தொனி வேண்டும்.

நிம்மதியும் சலிப்பும் எதிரெதிரானவை போலத் தோன்றும். இரண்டுக்கும் ஒரே சொல் எப்படி? உடம்பைக் கவனித்தால் விடை கிடைக்கிறது. இரண்டு இடத்திலும் நடப்பது மூச்சை வெளியே விடுவதுதான். முதலாவதில் சுமையை இறக்கி வைத்ததும் மூச்சு வருகிறது. இரண்டாவதில் அதைத் திரும்பத் தூக்கப்போகும் முன் வருகிறது. சுமையின் விளிம்பில் நிற்கிற கணத்தைக் குறிக்கும் சொல் இது என்று எடுத்துக்கொண்டால், எங்கே பயன்படும், எங்கே படாது என்பதும் தெளிவாகிவிடும்.

கை தவறிக் கண்ணாடிக் குவளை விழுந்து உடைகிற நொடியில் யாரும் 'யரெ யரெ' சொல்வதில்லை. அந்த நொடிக்கு உரியது 'ஷிமத்த'. 'ஐயோ, போச்சே' என்பதுபோல. சில்லுகளைப் பார்த்து, இதைக் கூட்டி அள்ள வேண்டுமே என்று துடைப்பத்தை எடுக்கப் போகும்போதுதான் 'யரெ யரெ'. அதிர்ச்சி அடங்கி, நிலைமையை ஒருமுறை எடைபோட்டுப் பார்த்த பிறகே இது வரும். ஜோதாரோவுக்கு இந்தச் சொல் பொருந்துவதற்கும் இதுவே காரணம். எதிரி எவ்வளவு பயங்கரமானவனாக இருந்தாலும், 'இது எனக்கு அதிர்ச்சி இல்லை, வெறும் வேலை' என்று அவன் சொல்லாமல் சொல்கிறான்.

'யரெ' தனியாகவும் உண்டு. கோபயாஷி இஸ்ஸா (1763–1828) எழுதிய புகழ்பெற்ற ஹைக்கூ ஒன்று இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது: "யரெ, அடிக்காதே, ஈ கையைத் தேய்க்கிறது, காலைத் தேய்க்கிறது." இங்கே அது பெருமூச்சு இல்லை. ஓங்கிய கையை நிறுத்தச் சொல்லும் விளி, 'ஏய்' போல. இன்னொரு பயன்பாடும் உயிரோடு இருக்கிறது: "யரெ டியூஷன், யரெ பியானோ என்று பிள்ளைக்கு ஓயாத ஓட்டம்." ஒன்றன்பின் ஒன்றாக வந்து குவியும் தொல்லைகளை அடுக்கிக் காட்ட, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு 'யரெ' வைப்பார்கள்.

உச்சரிப்பில் தமிழர்களுக்கு ஒரு வசதியும் ஒரு சிக்கலும் உண்டு. ஜப்பானிய ரகரம் நாக்கு நுனி ஒருமுறை தட்டி விலகும் ஒலி. நம் 'ர' ஏறத்தாழ அதேதான். ஆங்கிலம் பேசுபவர்கள் இதற்குப் படும் பாடு நமக்கு இல்லை. சிக்கல் ஈற்றில் இருக்கிறது. எழுத்துத் தமிழ்ச் சொற்கள் குறில் எகரத்தில் முடிவதில்லை. அதனால் நாம் தன்னிச்சையாக 'யரே யரே' என்று நீட்டிவிடுகிறோம். ஜப்பானிய மொழியில் குறிலும் நெடிலும் சொல்லையே மாற்றக்கூடியவை. பேச்சுத் தமிழில் மலையை 'மலெ' என்றும் தலையை 'தலெ' என்றும் சொல்கிறோமே, அந்த ஈற்றொலி போதும். ய-ரெ-ய-ரெ என்று நான்கு மாத்திரையும் ஒரே அளவில் விழ வேண்டும். அலுப்பை மிகைப்படுத்த விரும்பினால் முதல் உயிரை நீட்டலாம்: 'யாரெ யரெ'. ஜப்பானியர்களும் அப்படிச் சொல்வதுண்டு. கடைசியை நீட்டுவதுதான் அந்நியமாக ஒலிக்கும். 'தஜெ'யின் தகரம், 'பந்து' என்பதில் வரும் மென்மையான தகரம். 'தலெ'யில் வருவது இல்லை.

நீளத்தைவிட ஏற்ற இறக்கத்தில்தான் பெரிய தவறு நேர்கிறது. டோக்கியோ வழக்கில் முதல் 'ய' உயர்ந்து, 'ரெ'யிலேயே குரல் இறங்கி, கடைசிவரை தாழ்ந்தே போகும். மாறாக, தாழ்வாகத் தொடங்கி 'ரெ'யில் உயர்த்தினால் அது வேறு சொல் ஆகிவிடும். 'யரு' என்றால் செய்தல்; அதன் ஏவல் வடிவமும் 'யரெ'தான். இருவர் மோதிக்கொள்ளும்போது சுற்றி நிற்கும் கூட்டம் "யரெ! யரெ!" என்று கத்தினால் அதற்கு 'போடு, போடு' என்று பொருள். எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். காது மட்டுமே பிரித்தறியும். அலுத்துக்கொள்ள நினைத்தவர் சண்டையைத் தூண்டிவிடுவது இப்படித்தான்.

இனி அந்த வால். ஜப்பானியப் பள்ளி இலக்கணம் சொற்களைப் 10 வகையாகப் பிரிக்கிறது. அதில் உணர்ச்சி, விளி, பதில், முகமன் ஆகியவற்றைக் காட்டும் சொற்கள் 'கன்தோஷி' என்ற வகை. இவை எழுவாயாகவோ பயனிலையாகவோ வராமல் தனித்து நிற்பவை என்பது விதி. 'யரெ யரெ'யுடன் 'த' சேரும்போது இந்த விதி நெகிழ்கிறது. 'த' என்பது 'ஆகும்', 'இருக்கிறது' என்று முடித்துவைக்கும் சொல். பெருமூச்சு இப்போது வாக்கியமாகிவிட்டது: 'யரெ யரெ என்று சொல்லத்தக்க நிலைமை இது'. உணர்ச்சியைக் கொட்டாமல், அதற்குப் பெயர் சூட்டி ஓரடி தள்ளி நிற்கும் பேச்சு.

'ஜெ' வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் இடைச்சொல். ஆண் குரலின் முரட்டு உறுதியைத் தருவது. நண்பர்களுக்குள் "இகோ ஜெ", அதாவது 'வாங்கடா போகலாம்' என்று இளைஞர்கள் சொல்வதுண்டு. ஆனால் 'யரெ யரெ தஜெ' என்று முழுசாகச் சொன்னால் இன்று கேட்பவருக்கு ஜோதாரோதான் நினைவுக்கு வருவான். அராக்கி இதே தொடரின் ஆறாம் பாகத்தில் ஜோதாரோவின் மகள் ஜோலினைக் கொண்டுவருகிறார்; அனிமேயில் அவள் 2021இல் வந்தாள். அவள் சொல்வது "யரெ யரெ தவ". 'வ' இங்கே பெண்பேச்சின் இடைச்சொல். பெருமூச்சும் பொருளும் அப்படியே இருக்க, ஓரெழுத்து மாறியதில் ஆளே மாறிவிட்டாள். தந்தைக்கும் மகளுக்கும் உள்ள ஒற்றுமையையும் வேற்றுமையையும் இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய வேறு வசனம் அந்தத் தொடரில் இல்லை என்றே சொல்வேன்.

இத்தகைய பேச்சுக்கு 'யகுவரிகொ', அதாவது பாத்திரமொழி என்று பெயரிட்டவர் ஒசாகா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த மொழியியலாளர் சதோஷி கின்சுய். மங்காவில் விஞ்ஞானிக் கிழவர் 'நான்' என்பதற்கு 'வஷி' என்றும், வாக்கிய ஈற்றில் 'த'வுக்குப் பதில் 'ஜ' என்றும் பேசுவார். உண்மையான பேராசிரியர்கள் அப்படிப் பேசுவதில்லை. ஆனாலும் அந்த ஈறு காதில் பட்டதும் வெள்ளைத் தாடி கண்முன் வந்துவிடும். இளைஞர்கள் நிஜத்தில் சலித்துக்கொள்ளும்போது "மோ" என்ற ஒற்றை ஒலியோ, 'மாட்டிக்கிட்டேனே' என்ற பொருளில் "மைத்த னா"வோதான் அதிகம்.

மேலதிகாரி வேலை கொடுக்கும்போது அவர் முன்னால் 'யரெ யரெ' சொல்லக் கூடாது. அதில் கெட்ட வார்த்தை எதுவும் இல்லை; அவர் கொடுத்ததைச் சுமை என்று அறிவிப்பதுதான் மரியாதைக் குறைவு. அதே சுமை இருவருக்கும் பொதுவானால் நிலைமை வேறு. நீண்ட கூட்டம் முடிந்து வெளியே வரும்போது சக ஊழியரிடம் "யரெ யரெ தெஸ் நெ" எனலாம். 'தெஸ்' பணிவைச் சேர்க்கிறது. 'நெ' அவரையும் நம் பக்கம் சேர்த்துக்கொள்கிறது.

அனிமே பார்க்கும்போது எந்தப் பொருளில் வருகிறது என்று குழம்பினால் அடுத்த சொல்லைக் கவனியுங்கள். 'யத்தொ' என்று தொடர்ந்தால், அது 'ஒருவழியாக', நிம்மதி. 'மத' என்று தொடர்ந்தால், அது 'மறுபடியும்', சலிப்பு. எதுவுமே தொடராமல் தொப்பி மட்டும் கீழே இறங்கினால், அடுத்த காட்சியில் யாரோ அடிவாங்கப் போகிறார்கள்.