மடலாடற்குழு, கருத்துக்களம்: சொல் விளக்கம்

இணையத்தில் பலர் கூடிப் பேசும் எதையும் 'குழு' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். மெயிலிங் லிஸ்ட், ஃபோரம் ஆகிய இரண்டும் அந்த ஒரே பெயருக்குள் அடைபட்டுப் போகின்றன. இரண்டும் இயங்கும் விதமே வேறு. அந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டும் சொற்கள் தமிழில் இருக்கும்போது அவற்றைப் பயன்படுத்தாமல் விடுவது வருத்தமளிக்கிறது.

மூத்தது மெயிலிங் லிஸ்ட். இணையத்தின் முன்னோடி வலையமைப்பான அர்ப்பாநெட்டில் 1975-லேயே இத்தகைய குழு இயங்கியது. ஒரே முகவரிக்கு மடல் அனுப்பினால் உறுப்பினர் அனைவருக்கும் அதன் படி போய்ச் சேரும். ஆங்கிலப் பெயர் முகவரிப் பட்டியலைத்தான் குறிக்கிறது. அதனால் 'அஞ்சல் பட்டியல்' என்று பெயர்த்தால் உயிர் போய்விடுகிறது. செய்தியை ஒருவர் அனுப்ப, மற்றவர்கள் பெறுவதோடு முடிந்துவிடுவது போன்ற பொருள் வருகிறது. 'மடலாடற்குழு' அப்படியல்ல. உரையாடல், சொல்லாடல் போல மடலாடல்: மடலும் மறுமடலுமாகப் பேசுவது. 'ஆடல்' என்ற பகுதியே பரிமாற்றத்தைச் சொல்லிவிடுகிறது. மூலத்தை விடப் பொருள் செறிந்த ஆக்கம் இது.

ஃபோரம் இலத்தீன் சொல். பண்டைய ரோமில் சந்தையும் வழக்கும் அரசியல் பேச்சும் நடந்த பொதுவெளி அது. நமக்கு உடனே நினைவுக்கு வருவது மன்றம். சங்க காலத்தில் மன்றம் என்பது ஊரார் கூடும் மரத்தடி வெளி. புகாரில் இருந்த ஐந்து மன்றங்களைச் சிலப்பதிகாரம் பேசுகிறது. இரு சொற்களும் ஒரே திசையில் நகர்ந்தது வியப்பானது: ஆங்கிலச் சட்ட வழக்கில் ஃபோரம் வழக்கு விசாரிக்கும் இடத்தைக் குறிக்கிறது; நமக்கு நீதிமன்றம். ஆயினும் இன்று மன்றம் என்றால் தலைவர், செயலாளர் கொண்ட அமைப்பே மனதில் எழுகிறது. ஆகவே 'கருத்துக்களம்' என்பதே என் தேர்வு. களம் இன்றும் இடத்தைத்தான் குறிக்கிறது.

வேறுபாட்டின் மையமும் இடம்தான். மடல் நம்மைத் தேடி வரும். களம் ஓர் இணையதளம்; அதற்கு நாம் போக வேண்டும். களத்தில் எழுதியதைப் பிறகு திருத்தலாம்; அனுப்பிய மடலைத் திரும்பப் பெற முடியாது. புதிதாகச் சேர்ந்தவர் களத்தின் பழைய பேச்சுகளை அங்கேயே படிக்கலாம். மடலாடலில் அதற்குத் தனியாக ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும். ஆனால் நிலைப்பு என்று வந்தால் கதை மாறுகிறது. யாகூ நிறுவனத்தின் மடலாடற்குழுச் சேவையான யாகூ குழுமங்கள் 2020-இல் முழுமையாக மூடப்படுவதற்கு முன்பே தளத்தில் இருந்த ஆவணங்கள் நீக்கப்பட்டன. உறுப்பினர்களின் அஞ்சல் பெட்டிகளில் சேமிக்கப்பட்ட மடல்கள் தப்பின. களத்தைத் தாங்கும் வழங்கி (சர்வர்) நின்றுபோனால், வேறெங்கும் படியெடுத்து வைக்காத பதிவுகள் அதோடு போய்விடும்.

இரண்டிலும் பதில்களின் தொடருக்கு 'இழை', நெறிப்படுத்துபவருக்கு 'மட்டுறுத்துநர்'. மட்டு என்றால் அளவு. பேச்சு அளவு மீறாமல் காப்பவர் என்று பொருள்.

டிஸ்கோர்ஸ் போன்ற மென்பொருள்களில் இவ்விரண்டும் கலந்திருக்கின்றன. களத்தில் எழுதியது மின்னஞ்சலாக வருகிறது. அந்த மின்னஞ்சலுக்கு எழுதும் பதில் களத்தில் பதிவாகிறது. இதையும் கருத்துக்களம் என்றே அழைக்கலாம். பேச்சு தங்கியிருப்பது தளத்தில்தானே.